டொக்டரிடம் போய்ச் சேராத சொல்

அத்தியாயம் 11

"கலியாணத்தை நிப்பாட்டுங்கோ அக்கா" என்று ராசன் சொன்னது வியாழக்கிழமை பின்னேரம், டொக்டரிடமிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில். வெள்ளிக்கிழமை விடிந்தபோதும் மேரிறோஸுக்கு அதன் காரணம் விளங்கவில்லை.

டொக்டர் கெட்ட செய்தி எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது.

தம்பி கோடைகாலம் முழுக்க மெலிந்துகொண்டே வந்தான். கன்னம் ஒட்டிவிட்டது. மீனைத் தொடுவதில்லை, முட்டையைத் தொடுவதில்லை. வேலைக்குப் போய் வந்தால் படுக்கை. அவள்தான் போன கிழமை அவனை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டொக்டரின் அறை வாசலில் வைத்து, "என்னடா செய்யுது, சொல்லு" என்று கேட்டபோது அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நித்திரையிலை போகுது" என்றான். மேரிறோஸ் அதற்குமேல் கேட்கவில்லை. வளர்ந்த ஆம்பிளை படுக்கையை நனைப்பதென்றால் எவ்வளவு வெட்கம். உள்ளே போய், தம்பிக்கு நித்திரையில் சலம் போகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். டொக்டர் சலத்தைச் சோதிக்க அனுப்பினார். வியாழக்கிழமை முடிவு வந்தது.

"ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்" என்றார் டொக்டர்.

"ஒண்டுமில்லையாம்" என்று மேரிறோஸ் சந்தோஷமாகத் தம்பிக்குச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது. பாதி வழியில் அந்த வசனத்தைச் சொன்னான். வீட்டுக்கு வந்து, இரவு வேலைக்குப் போகும்வரை அறைக் கதவைப் பூட்டிக்கொண்டான்.

ராசனுக்கு இருபத்தொன்பது வயது. கிறிஸ்துராஜா என்பது கோயில் பதிவில் உள்ள பெயர். மன்னாரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மொஸ்கோ, கிழக்கு பேர்லின் என்று சுற்றி லண்டனுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. றொம்ஃபோர்ட் றோட்டில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். ஃபாரஸ்ட் கேட்டில் அக்கா வீட்டின் சின்ன அறையில் பகல் நித்திரை. பெற்றோலும் சிகரெட்டும் விற்கிற அளவுக்கு ஆங்கிலம் இருந்தது. டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற ஆங்கிலம் இருக்கவில்லை.

பெண் பியற்றிஸ். மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். ஜூலையில் வந்து டூட்டிங்கில் சின்னம்மா அஞ்சலீனாவோடு இருக்கிறாள். இருவரும் டெலிபோனில் கதைக்கும்போது ராசன் சிரிப்பது குசினிவரை கேட்கும். செப்ரெம்பரோடு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

கோயிலில் இருவர் பேரும் சொல்லிக் கல்யாண அறிவித்தல் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு கடைசித் தரம். நிறுத்துவதென்றால் அதற்கு முன் சுவாமியாரிடம் போய்ச் சொல்லவேண்டும்.

"வேறை ஆரையேன் விரும்புறானோ தெரியாது" என்றாள் மேரிறோஸ், குசினியில் கணவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு.

பஸ்தியாம்பிள்ளை சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். ரெயில் ஸ்டேஷனில் டிக்கெற் பார்க்கிற வேலை. அன்றைக்குக் காலை ஷிப்ட்.

"ஆரை?"

"எனக்கென்ன தெரியும். பெற்றோல் ஸ்டேஷனிலை பகலிலை நிக்கிற வெள்ளைக்காரி ஒருத்தி…"

"அவ பேரப்பிள்ளை கண்டவ, றோஸ்."

மேரிறோஸ் கோப்பையை மேசையில் வைத்தாள். "பகிடி விடாதேங்கோ. நீங்கள் கேளுங்கோ. ஆம்பிளைக்கு ஆம்பிளை கதைச்சால் சொல்லுவான்."

"கேட்கிறன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை."

"நான் என்னத்துக்குச் சொல்லப்போறன்" என்றாள்.

ஆனால் பத்து மணிபோல டெலிபோன் அடித்தது. அஞ்சலீனா. ஞாயிறு பூசைக்குப் பிறகு பியற்றிஸை அங்கே கூட்டிவரலாமா, சீலைக்குச் சட்டை அளவு பார்க்கலாமா என்று கேட்டாள். மேரிறோஸ் "ஓம்" என்று சொல்லப்போனாள். வாய் வரவில்லை.

"அதில்லை அஞ்சலீனா… ராசன் கொஞ்சம் யோசிக்கிறான்."

"என்ன யோசினை?"

"எனக்கும் வடிவாய்த் தெரியாது."

அஞ்சலீனா நிதானமாகக் கேட்டாள். "எங்கடை பிள்ளையிலை என்ன குறை கண்டவர்?"

"ஐயோ, குறையெண்டு ஒண்டுமில்லை."

"பாஸ் எடுத்து, செக்பொயின்ற் செக்பொயின்றாய் இறங்கி ஏறி, கொழும்பிலை லொட்ஜிலை மாசக்கணக்காய்க் கிடந்து வந்த பிள்ளை. ரெண்டு தரம் கோயிலிலை பேர் வாசிச்சாச்சு. இனி யோசிக்கிறாராமோ. பின்னேரத்துக்குள்ளை எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ அக்கா. நான் உவளுக்கு என்ன சொல்லுறது?"

டெலிபோனை வைத்த பிறகுதான் மேரிறோஸுக்குத் தான் செய்த வேலை உறைத்தது. அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போக நேரமாகிவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். பின்னேரம் கணவர் வந்ததும் இருவருமாகச் சுவாமியாரிடம் போய்விடவேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்து பஸ்தியாம்பிள்ளை வுட்கிரேஞ்ச் றோட்டால் நடந்து வந்தபோது, காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்குள் மச்சான் ராசனைக் கண்டார். வாங்கில் தனியாக உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். பகலில் அவன் நித்திரை கொள்ளுகிற நேரம் அது.

பஸ்தியாம்பிள்ளை உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீட்டிலை மெஷின் கிடக்க இஞ்சை என்ன செய்யிறாய்?"

"சும்மா அத்தான்."

மெஷின் கண்ணாடிக்குப் பின்னால் நுரைக்குள் படுக்கை விரிப்புகள் உருண்டன. வேறு உடுப்பு ஒன்றும் இல்லை. கடையின் மறுபக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா நீ ஆரோ பெட்டையோடை சினேகிதம் எண்டு நினைக்கிறா."

"பெட்டை ஒருத்தியும் இல்லை."

"பியற்றிஸைப் பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சிருக்கு. அதாலைதான் நிப்பாட்டச் சொன்னனான்."

பஸ்தியாம்பிள்ளை மற்றக் கேள்வியைக் கேட்கவில்லை. தினமும் ஆயிரம் முகத்தைப் பார்க்கிற வேலை. டிக்கெற் இல்லாதவனை அவசரப்படுத்தினால் அவன் பொய் சொல்லுவான் என்று அவருக்குத் தெரியும். மெஷின் ஒருதரம் நின்று மற்றப் பக்கம் சுற்றத் தொடங்கியது.

"எனக்கு நித்திரையிலை போகுது அத்தான்."

"சலமோ?"

"இல்லை." ராசன் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விந்து."

கிழவி துவாய்களைப் பையில் அடுக்கினாள். அவளுக்கு இது என்ன மொழியென்றே தெரியாது. அது உதவியாக இருந்தது. ராசன் மிச்சத்தையும் சொன்னான்.

பதினாறு வயதிலேயே தொடங்கியது. அப்போது அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சில மாதம் வராது. சிலவேளை கிழமையில் இரண்டு மூன்று தரமும் வரும். கனவு வரும், சிலநேரம் கனவும் இல்லாமல் எழும்பிப் பார்த்தால் ஈரம். கல்யாணம் பேசிய பிறகு அடிக்கடி வந்தது. அவளோடு டெலிபோனில் கதைத்துவிட்டுப் படுத்தால் நிச்சயம்.

"பெற்றோல் ஸ்டேஷன் பெடியன் ஒருத்தன்தான் சொன்னவன், ஈஸ்ட்ஹாமிலை ஒரு வீட்டிலை வைத்தியர் ஒருத்தர் வந்து தங்கியிருக்கிறார், இதுக்கெண்டே மருந்து குடுக்கிறார் எண்டு. போனனான். நாடி பிடிச்சுப் பாத்தவர். விந்து இரத்தத்திலை இருந்துதான் பிறக்குதாம். ஒரு துளிக்கு நாற்பது துளி இரத்தம் செலவாம். இவ்வளவு வருசமாய்ப் போயிருக்கு. கலியாணம் கட்டினால் ஒரு வருசத்துக்குள்ளை படுக்கையிலை விழுந்திடுவனாம். பிள்ளையும் தங்காதாம்."

"என்ன மருந்து?"

"ஒரு பொடி. சுடுதண்ணியிலை கரைச்சுக் குடிக்கிறது. குடிச்சால் வயித்தாலை போகும். கெட்டது போகுதெண்டு சொன்னவர். மீன், இறைச்சி, முட்டை, பால் ஒண்டும் கூடாதாம்."

"எவ்வளவு காலமாய்க் குடிக்கிறாய்?"

"ஜூலை கடைசியிலையிருந்து."

பஸ்தியாம்பிள்ளை மச்சானின் மணிக்கட்டைப் பார்த்தார். கைக்கடிகாரம் வளையல்போல் கழன்று கிடந்தது.

"இதை டொக்டருக்குச் சொல்லியிருக்கலாமெல்லோ."

"சொன்னதுதானே. அக்கா சொன்னவ. டொக்டர் சோதிச்சுப் பாத்துப்போட்டு ஒண்டுமில்லை எண்டிட்டா." அவன் முதல் தடவையாக அத்தானின் பக்கம் திரும்பினான். "வைத்தியர் சொன்னதையே இவவும் சொல்லிப்போட்டா. உள்ளுக்கு ஒண்டும் மிச்சமில்லை அத்தான். இனி அந்தப் பிள்ளையைக் கட்டி என்ன செய்யிறது? அவவின்ரை வாழ்க்கையையும் பழுதாக்கிறதோ?"

சிரிக்க இடமிருந்தது. பஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லைக் கேட்டு, அதைத் தன் உடம்பின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒரு இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றிருக்கிறான்.

"எனக்கும் வந்தது" என்றார்.

ராசன் நம்பாமல் பார்த்தான்.

"ஓம். கலியாணத்துக்கு முந்தியும் வந்தது. பிறகு சவூதியிலை தனிய இருந்தனெல்லோ, அப்பவும் வந்தது. ஊருக்குத் திரும்பி வந்து பாவசங்கீர்த்தனத்திலை சொன்னனான். நித்திரையிலை தன்பாட்டிலை நடக்கிறதுக்கு நீ பொறுப்பில்லை, அது பாவமில்லை எண்டு சுவாமியார் சொன்னவர். வருத்தமோ எண்டு அவரிட்டைக் கேட்க எனக்கு வாய் வரேல்லை. வேறை ஆரிட்டையும் கேட்கவுமில்லை."

"அப்ப வருத்தமில்லையோ?"

"அது எனக்குத் தெரியாது, ராசன். நான் டொக்டரில்லை. எனக்கு ரெண்டு பிள்ளை பிறந்தது. படுக்கையிலை விழேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." ஏதோ ஒன்று அவருக்கு இடித்தது. "அக்காட்டை நீ என்ன சொன்னனீ? இப்ப எனக்குச் சொன்ன சொல்லைச் சொன்னனியோ?"

"அக்காட்டை எப்பிடி அந்தச் சொல்லைச் சொல்லுறது? நித்திரையிலை போகுதெண்டு மட்டும் சொன்னன். அவ விளங்கினமாதிரித் தலையாட்டினவ."

"டொக்டர் என்னத்தைச் சோதிச்சவ?"

"ஒரு சின்னப் போத்தல் தந்தவை. சலம் எடுத்துக் குடுத்தன்."

பஸ்தியாம்பிள்ளை எழுந்து நின்றார். "எழும்பு."

"மெஷின் முடியேல்லை அத்தான்."

"அது சுத்தட்டும். முதல் நாங்கள் போய் டொக்டரின்ரை இடத்திலை பேர் குடுத்திட்டு வருவம்."

டொக்டர் ஹியூஸ் ஐம்பது வயதுக்குக் கிட்டிய பெண். பின்னேரம் கடைசி ஆளாக இருவரையும் கூப்பிட்டார். அக்காவுக்குப் பதில் வேறு ஒருவர் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ராசனிடம் மெதுவான ஆங்கிலத்தில், இவர் மொழிபெயர்ப்பது உனக்குச் சம்மதமா என்று கேட்டார். ஆண் டொக்டரைப் பார்க்க விரும்பினால் திங்கட்கிழமை ஒருவர் இருக்கிறார் என்றும் சொன்னார்.

"திங்கள்வரைக்கும் ஏலாது" என்றான் ராசன் தமிழில்.

பஸ்தியாம்பிள்ளை தொடங்கினார். தொடங்கிய இடத்திலேயே தடக்கினார். பத்து வருடமாக ஆங்கிலத்தில் வேலை செய்கிறார். டிக்கெற், பிளாட்ஃபோம், தாமதம், அபராதம் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. இதற்குச் சொல் இருக்கவில்லை. நித்திரையில் ஆணின் தண்ணீர் வெளியே வருகிறது என்று சொன்னார். சலமில்லை, மற்றது என்று கையைக் காட்டாமல் முகத்தால் காட்டினார்.

டொக்டருக்கு விளங்கிவிட்டது. அவர் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சொன்னார், தலையிடி என்று சொல்வதுபோல. பிறகு மேசையில் கிடந்த பழைய முடிவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நான் சோதித்தது வேறு விஷயம்" என்றார். "சலத்தில் சீனி இல்லை, கிருமி இல்லை. அதைத்தான் ஒன்றுமில்லை என்றேன். இவர் என்ன நினைத்தார்?"

பஸ்தியாம்பிள்ளை சொன்னார். டொக்டர் ஹியூஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

பிறகு கேள்விகள் வந்தன. போகும்போது நோகிறதா? சலம் கழிக்கும்போது எரிவு உண்டா? இரத்தம் கலந்து வந்ததா? விழித்திருக்கும்போது தானாக வடிகிறதா? ராசன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். கடைசியில் தயங்கி, மலம் கழிக்க முக்கும்போது சிலவேளை வெள்ளையாக ஒரு சொட்டு வரும் என்றான். அதுதான் அவனுக்கு அதிகப் பயம்.

"அதுவும் பலருக்கு வரும்" என்றார் டொக்டர். "சலப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. முக்கும்போது அது அமுங்கி நீர் கசியும். நோவில்லை, எரிவில்லை என்றால் பயமில்லை. நோவோ எரிவோ இரத்தமோ இருந்தால் உடனே வரவேண்டும். அப்படி இருந்தாலும் மருந்து இருக்கிறது."

பஸ்தியாம்பிள்ளை ஒவ்வொரு வசனமாகத் திருப்பிச் சொன்னார். டொக்டர் அவருக்கு நேரம் கொடுத்துக்கொண்டே போனார்.

"வயதுக்கு வந்த ஆணின் உடம்பு இதை ஒவ்வொரு நாளும் உண்டாக்குகிறது. சேர்த்து வைப்பதற்கு உள்ளே பெட்டி ஒன்றும் இல்லை. வெளியே போகாததை உடம்பு தானே உறிஞ்சிக்கொள்ளும். சிலவேளை நித்திரையில் வெளியே விடும். கிழமையில் இரண்டு தரம் வரலாம், வருடத்தில் ஒருதரமும் வராமல் இருக்கலாம். இரண்டும் சுகமான உடம்புதான்."

"இரத்தம்?" என்று ராசன் ஆங்கிலத்திலேயே கேட்டான். நாற்பது என்று விரல்களைக் காட்டினான்.

பஸ்தியாம்பிள்ளை அந்தக் கணக்கை விளக்கினார். டொக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இது இரத்தத்திலிருந்து வடிப்பதில்லை. ஒரு தடவை போவது ஒரு தேக்கரண்டி அளவுதான். உமிழ்நீரை உடம்பு உண்டாக்குவதுபோல இதையும் உண்டாக்கும். அதனால் யாரும் மெலிவதில்லை. நீ மெலிந்ததற்குக் காரணம் வேறு. என்ன சாப்பிடுகிறாய்?"

ராசன் ஜக்கெற் பொக்கற்றிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்து மேசையில் வைத்தான். மண் நிறத்தில் பொடி. எவ்வளவு காலமாகக் குடிக்கிறான், என்னென்ன சாப்பாட்டை விட்டான் என்று பஸ்தியாம்பிள்ளை சொன்னார். வீட்டில் வைத்தால் அக்கா காண்பாள் என்று கையோடு கொண்டு திரிந்திருக்கிறான். டொக்டர் அதை மணந்து பார்த்துவிட்டுத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மூன்று மாதமாக வயிற்றைக் கழுவிக்கொண்டு, மீனும் முட்டையும் பாலும் இல்லாமல், இரவில் நின்று வேலை செய்தால் யாரும் இப்படித்தான் ஆவார்கள். இன்றோடு இதை நிறுத்து. இரத்தம் எடுத்துச் சோதிக்கப்போகிறேன், இந்தப் பொடியால் கெடுதல் நடந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு."

திரைக்குப் பின்னால் வைத்து உடம்பையும் பார்த்தார். குறையொன்றும் தெரியவில்லை என்றார். மாதத்துக்கு ஒருதரம் குளிக்கும்போது விதைகளைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும், கட்டியோ வீக்கமோ பட்டால் வெட்கப்படாமல் வரவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எல்லா ஆண்களும் பார்க்கவேண்டும் என்று சொல்லும்போது பஸ்தியாம்பிள்ளையையும் சேர்த்துத்தான் பார்த்தார். அவர் அதையும் மொழிபெயர்த்தார்.

ராசன் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "அத்தான், கடைசியாய் ஒண்டு கேளுங்கோ. நான் கலியாணம் கட்டலாமோ? பிள்ளை பிறக்குமோ?"

"நித்திரையில் போவது இரண்டுக்கும் தடையில்லை" என்றார் டொக்டர். "பிள்ளையைப் பற்றி யாராலும் முன்கூட்டிச் சத்தியம் பண்ண முடியாது. கட்டி ஒரு வருடம் பார்த்துப் பிள்ளை வராவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். அப்போது பார்க்கலாம்."

"கலியாணம் கட்டினால் இது நிண்டிடுமோ?"

"குறையலாம். குறையாமலும் விடலாம். மனைவியைப் பிரிந்து தூரத்தில் இருக்கிற ஆண்களுக்கும் வரும். அதுவும் வியாதியில்லை."

இந்த வசனத்தை மொழிபெயர்க்கப் பஸ்தியாம்பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. சவூதியில் தகரக் கொட்டகையில், மற்றவர்கள் எழும்ப முதல் எழும்பி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழுவிய காலைகள் அவருக்கு நினைவு வந்தன. அத்தனை வருடத்துக்குப் பிறகு, வேறொருவனுக்காகக் கேட்ட கேள்வியில் அவருக்கும் பதில் கிடைத்தது.

"என்னவாம் அத்தான்?" என்று ராசன் கேட்டான்.

"வருத்தமில்லையாம்" என்றார். "எனக்கும் இல்லையாம்."

வீட்டுக் கதவைத் திறந்தபோது மேரிறோஸ் கோட்டோடு குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கை போனனீங்கள் ரெண்டு பேரும்? சுவாமியாரிட்டைப் போகவேணும். அஞ்சலீனா காலமை எடுத்தவ. நான்… எனக்கு மறைக்க ஏலாமல் போச்சு. ராசன் யோசிக்கிறான் எண்டு சொல்லிப்போட்டன்."

பஸ்தியாம்பிள்ளை பெருமூச்சு விட்டார். ராசனை மேலே போகச் சொல்லிவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினார்.

"கோட்டைக் கழட்டு. சுவாமியாரிட்டைப் போகத் தேவையில்லை."

அவர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அந்தச் சொல்லையும் சொன்னார், தனக்கும் வந்ததையும் சொன்னார். பதினெட்டு வருடம் கல்யாணம் கட்டி வாழ்ந்தும் அவர்களுக்கிடையில் அந்தச் சொல் ஒருநாளும் வாய்விட்டு வந்ததில்லை. மேரிறோஸின் முகம் சிவந்தது. பிறகு வெளிறியது.

"நான் சலமெண்டெல்லோ டொக்டருக்குச் சொன்னன்."

"ஓம்."

"ஒண்டுமில்லை எண்டு நான்தானே அவனுக்குச் சொன்னன். சிரிச்சுக்கொண்டு சொன்னன்."

"நீ டொக்டர் சொன்னதைத்தான் சொன்னனீ."

"இவன் எனக்கு விளங்கப்படுத்தியிருக்கக் கூடாதோ?" என்று கோபப்பட்டாள். அடுத்த நிமிடம் அவளே, "என்னெண்டு சொல்லுறது, நான் அக்காவெல்லோ" என்றாள்.

"நீயும் திருப்பி ஒருக்காக் கேட்டிருக்கலாம். அவனும் சொல்லியிருக்கலாம். நானும் வேலைக்கு லீவு போட்டிட்டுக் கூடப் போயிருக்கலாம். இப்ப விடு."

"உங்களுக்கும் வந்ததெண்டு நீங்கள் எனக்குச் சொல்லேல்லை."

"நீ கேட்கேல்லை. கேட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டன்."

மேரிறோஸ் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். குளிர்பெட்டியைத் திறந்து முட்டைப் பெட்டியை எடுத்தாள். வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து மூன்று முட்டை பொரித்தாள். மாடிப்படிக்குக் கீழே நின்று, "ராசன், சாப்பிட வா" என்று மட்டும் கூப்பிட்டாள்.

அவன் வந்து உட்கார்ந்தான். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் தட்டில் சோறு போட்டு முட்டைப் பொரியலை முழுதாக அதன்மேல் வைத்தாள். அவன் முதல் வாயை எடுக்கத் தயங்கினான். பிறகு சாப்பிட்டான். பாதியில், "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றான். மேரிறோஸ் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள்.

அப்போது டெலிபோன் அடித்தது.

நடையில் இருந்த டெலிபோனைப் பஸ்தியாம்பிள்ளை எடுத்தார். கேட்டுவிட்டு டெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு, "அஞ்சலீனா இல்லை. அவதான்" என்றார்.

ராசன் கையைக் கழுவிக்கொண்டு போனான்.

"வணக்கம் சொல்ல எடுக்கேல்லை" என்றாள் பியற்றிஸ். குரலில் அழுகை இல்லை. "சின்னம்மா சொன்னா, நீங்கள் யோசிக்கிறீங்களாம். காரணத்தை உங்கடை வாயாலை கேட்கவேணும். அதுக்குத்தான் எடுத்தனான்."

"நான் நாளைக்கு டூட்டிங்குக்கு வாறன். நேரிலை சொல்லுறன்."

"நேரிலை வந்தால் சின்னம்மா இருப்பா, அயலட்டைச் சனம் இருக்கும். நீங்களும் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருந்திட்டுப் போயிடுவீங்கள். இப்பவே சொல்லுங்கோ."

ராசன் குசினிப் பக்கம் பார்த்தான். அக்காவும் அத்தானும் அசையாமல் இருந்தார்கள். மேரிறோஸ் எழுந்து கதவைச் சாத்தினாள். தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அந்தச் சத்தத்தின் மறைவில் ராசன் சொன்னான். இன்றைக்கு இது மூன்றாவது தரம். முதல் இரண்டு தரத்தைவிட இது கஷ்டம், ஆனால் வசனம் இப்போது அவனிடம் ஒழுங்காக இருந்தது. நித்திரையில் நடப்பது, வைத்தியர் சொன்னது, பொடி, அக்கா தவறாக விளங்கிக்கொண்டது, இன்றைக்கு டொக்டர் சொன்னது. பிள்ளையைப் பற்றி டொக்டர் சத்தியம் பண்ணவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

"உமக்கு என்னாலை ஒரு கஷ்டம் வந்திடுமெண்டு பயந்துதான் நிப்பாட்டச் சொன்னனான். வேறை ஒண்டுமில்லை."

அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் போகும் இரைச்சல் கேட்டது. பியற்றிஸ் வெளியே, தெரு டெலிபோனில் நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"மூண்டு மாசமாய் இதை வைச்சுக்கொண்டோ என்னோடை கதைச்சனீங்கள்?"

"ஓம்."

"என்னிலைதான் ஏதோ குறை எண்டு காலமையிலிருந்து நினைச்சுக்கொண்டிருந்தன்."

"உம்மிலை ஒரு குறையும் இல்லை."

"அதை நீங்கள் இப்ப சொல்லக்கூடாது" என்றாள். குரல் மாறியிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாறன். கடைசித் தரம் பேர் வாசிக்க முதல் நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். கொழும்பிலை இருக்கேக்கை நடந்தது. சின்னம்மாவுக்கும் தெரியாது. நீங்கள் சொன்னமாதிரி நானும் நேராய்ச் சொல்லுவன். நீங்கள் இருந்து முழுக்கக் கேட்கவேணும்."

"என்ன விசயம்?"

"காசு முடியுது" என்றாள் பியற்றிஸ். லைன் அறுந்தது.

ராசன் டெலிபோனை வைத்துவிட்டு நடையிலேயே நின்றான். குசினியில் குழாய் நின்றது. கதவு கொஞ்சம் திறந்தது.

"என்னவாம்?" என்று மேரிறோஸ் கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை வாறாவாம்" என்றான். மிச்சத்தை அவன் சொல்லவில்லை. அது பியற்றிஸ் சொல்லவேண்டியது.